கலந்து போட்ட ரேம் தகராறு செய்தால்

பழைய 16 ஜிபி போதவில்லை என்று இன்னொரு 16 ஜிபி கிட் வாங்கிப் போட்டீர்கள். கணினி ஆன் ஆனது. விண்டோஸும் 32 ஜிபி என்று காட்டியது. இரண்டு மூன்று நாளில் பிரவுசர் தானாக மூடிக்கொண்டது, அப்புறம் ஒரு நீலத்திரை, அப்புறம் விளையாட்டின் நடுவே கணினி சிலையாக நின்றது. கடையில் கேட்டால், “அதே கம்பெனி, அதே ஸ்பீடு சார், ஒத்துக்காம எங்க போகும்?” என்பார்கள். புதிய ஜோடியைக் கழற்றினால் எல்லாம் சரியாக ஓடுகிறது. பழையதைக் கழற்றிவிட்டுப் புதியதை மட்டும் போட்டாலும் சரியாக ஓடுகிறது. நான்கும் சேர்ந்தால்தான் வம்பு.

இந்த அத்தியாயம் அந்த நிலைமைக்கு. உதாரணத்துக்கு நம் ஊரில் நிறைய வீடுகளில் இருக்கும் ஒரு கணினியை எடுத்துக்கொள்கிறேன்: ரைசன் 5 3600 அல்லது 5600, பி450 வகை மதர்போர்டு, நான்கு ஸ்லாட், டிடிஆர்4 3200 வேகத்தில் 8 ஜிபி ஸ்டிக் நான்கு. இன்டெல் கணினியிலும் வேலை செய்யும் வரிசை இதுவேதான். பயாஸில் பெயர்கள் கொஞ்சம் மாறும். டிடிஆர்5 வைத்திருப்பவர்களுக்குப் பின்னால் தனிப்பகுதி இருக்கிறது.

ஒரே பெயர், வேறு சிப்

ஒரே பெட்டியில் வரும் இரண்டு ஸ்டிக்கும் சேர்ந்து அந்த வேகத்தில் ஓடும் என்பதுதான் கம்பெனி தரும் உறுதி. அதே மாடலில் இன்னொரு பெட்டி வாங்கினால் அந்த உறுதி நான்குக்கும் நீளாது. மாடல் எண்ணை மாற்றாமலே உள்ளே இருக்கும் சிப்பை மாற்றிவிடுவது இந்தத் தொழிலில் சாதாரணம். கோர்சேர் ஸ்டிக்கின் லேபிளில் ‘வெர்’ என்று ஓர் எண் இருக்கும். அது 3-இல் தொடங்கினால் மைக்ரான் சிப், 4 என்றால் சாம்சங், 5 என்றால் ஹைனிக்ஸ். பெட்டி ஒன்றுபோல இருக்கும், உள்ளே இருப்பது வேறாக இருக்கும்.

சிப் மாறினால் என்ன கெடும்? ஓர் உதாரணம் போதும். ரேம் தன்னிடமுள்ள தகவலை அவ்வப்போது புதுப்பித்துக்கொள்ள வேண்டும். அதற்கு விடும் இடைவெளியின் பெயர் டிஆர்எஃப்சி. டிடிஆர்4 தரவரையறைப்படி 8 ஜிகாபிட் சிப்புக்கு 350 நானோசெகண்ட் வேண்டும், 16 ஜிகாபிட் சிப்புக்கு 550. 3200 வேகத்தில் இதைச் சுற்றுக் கணக்காக மாற்றினால் முதலாவதற்கு 560, இரண்டாவதற்கு 880. உங்கள் பழைய 8 ஜிபி ஸ்டிக்கில் 8 ஜிகாபிட் சிப் எட்டு இருக்கலாம். இப்போது வாங்கிய 8 ஜிபி ஸ்டிக்கில் 16 ஜிகாபிட் சிப் நான்கே நான்கு இருக்கலாம். மதர்போர்டு பழைய ஸ்டிக்கின் கணக்கைப் படித்து நான்குக்கும் 560 என்று வைத்துவிட்டால், புதிய ஜோடி மூச்சு வாங்க நேரமில்லாமல் எப்போதாவது ஒரு பிட்டைத் தவறவிடும். அந்த ‘எப்போதாவது’தான் உங்களை அலைக்கழிக்கிறது.

இன்னொரு காரணம் பிராசசரின் பக்கம். அதற்குள் இருக்கும் மெமரி கன்ட்ரோலருக்கு நான்கு ஸ்டிக்கை ஓட்டுவது இரண்டை ஓட்டுவதைவிடப் பெரிய சுமை. ரைசன் 3000, 5000 வரிசைகளுக்கு ஏஎம்டி தந்திருக்கும் கணக்கிலேயே இது இருக்கிறது: இரண்டு ஸ்டிக் என்றால் 3200 வரை, நான்கு சிங்கிள் ரேங்க் ஸ்டிக் என்றால் 2933, நான்கும் டூயல் ரேங்க் என்றால் 2667. பெட்டியில் 3200, 3600 என்று போட்டிருப்பது ஸ்டிக்கின் திறமை. அதை இயக்கும் பிராசசருக்கு அதில் சம்பந்தமில்லை. பூட்டிய மாடு இரண்டில் மெதுவானதன் நடைக்குத்தான் வண்டி போகும். நாம் செய்யப்போவது அந்த நடையைக் கண்டுபிடிப்பது, அவ்வளவுதான்.

கை வைப்பதற்கு முன் நான்கு காரியம்

1. புதிய ஜோடியைக் கழற்றிவிட்டு, பழைய ஜோடியோடு மட்டும் கணினியை ஓட்டி, முக்கியமான கோப்புகளை வெளி டிஸ்க்கில் நகல் எடுங்கள். நான்கு ஸ்டிக்கும் இருக்கும்போது எடுத்த நகலை நம்பாதீர்கள். தடுமாறும் ரேம் வழியாகப் போகும் கோப்பு வழியிலேயே கெட்டுப்போகலாம், அதை யாரும் உங்களுக்குச் சொல்ல மாட்டார்கள். கழற்றும் முறை கீழே ‘கேபினெட்டைத் திறந்தால்’ பகுதியில் இருக்கிறது. நகல் முடிந்ததும் புதிய ஜோடியைத் திரும்பப் போட்டுவிடுங்கள்.

2. விண்டோஸில் பிட்லாக்கர் அல்லது டிவைஸ் என்கிரிப்ஷன் ஆனில் இருக்கிறதா என்று பாருங்கள். இருந்தால் அதன் ரெக்கவரி கீயைக் காகிதத்தில் எழுதி வையுங்கள். பயாஸை அப்டேட் செய்தாலோ ரீசெட் செய்தாலோ விண்டோஸ் அந்த 48 இலக்கத்தைக் கேட்டு வாசலிலேயே நிறுத்திவிடலாம்.

3. பிரச்சினை தீரும்வரை விண்டோஸ் அப்டேட், பெரிய இன்ஸ்டலேஷன், வங்கி வேலை எதுவும் வேண்டாம்.

4. ஃபாஸ்ட் ஸ்டார்ட்அப்பை அணையுங்கள். அது ஆனில் இருந்தால் ‘ஷட் டவுன்’ கொடுத்தாலும் மெமரியின் ஒரு பகுதியை டிஸ்க்கில் எழுதி வைத்து, மறுநாள் அதையே எடுத்துப் போடும். நேற்றைய பிழை இன்றைக்கும் தொடரும், நீங்கள் புதுச் செட்டிங்கைக் குறை சொல்வீர்கள்.

குற்றவாளி ரேம்தானா?

ரேம் கோளாறின் அடையாளம், அது ஒவ்வொரு முறையும் வேறு வேடத்தில் வருவது. இன்று ‘மெமரி மேனேஜ்மென்ட்’, நாளை ‘ஐஆர்க்யூஎல் நாட் லெஸ் ஆர் ஈக்வல்’, அடுத்து ‘பேஜ் ஃபால்ட் இன் நான்பேஜ்டு ஏரியா’ என்று நீலத்திரையின் வாசகம் மாறிக்கொண்டே இருந்தால் சந்தேகம் ரேம் மேல் போகலாம். பெரிய ஜிப் கோப்பை விரிக்கும்போது கோப்பு கெட்டிருப்பதாக வருவதும், அதே கோப்பு இரண்டாம் முறை ஒழுங்காக விரிவதும் இன்னும் உறுதியான அடையாளம்.

மாறாக, ஒவ்வொரு முறையும் ஒரே வாசகமும் கீழே ஒரே டிரைவர் பெயரும் வந்தால் முதலில் அந்த டிரைவரைப் பாருங்கள். விளையாடும்போது மட்டும் கணினி சட்டென்று அணைந்து, விசிறியும் நின்றுபோனால் எஸ்எம்பிஎஸ் மேல் சந்தேகப்படலாம். ஈவென்ட் வியூவரில் ‘கெர்னல் பவர் 41’ என்று பார்த்துவிட்டுப் பலர் எஸ்எம்பிஎஸ்ஸை மாற்றிவிடுகிறார்கள். அந்த எண் சொல்வது, கணினி முறையாக ஷட் டவுன் ஆகவில்லை என்பதை மட்டும்தான். காரணத்தை அது சொல்வதில்லை.

எல்லாவற்றுக்கும் மேலான சாட்சி தேதி. புதிய ஸ்டிக் போட்ட வாரத்தில் தொடங்கிய தொல்லைக்கு வேறு காரணம் தேடி அலைய வேண்டாம்.

திறக்காமலே செய்யும் சோதனை

பாதிப் பேருக்கு விடை இங்கேயே கிடைத்துவிடும்.

1. கணினியை ரீஸ்டார்ட் செய்து, டெலீட் கீயை விட்டு விட்டு அழுத்திப் பயாஸுக்குள் போங்கள். சில போர்டுகளில் எஃப்2.

2. எக்ஸ்எம்பி என்று இருப்பதை, அதாவது ரேமைப் பெட்டியில் போட்டிருக்கும் வேகத்தில் ஓட்டும் செட்டிங்கை, அணையுங்கள். ஏஎம்டி போர்டுகள் சிலவற்றில் இதற்குப் பெயர் டிஓசிபி.

3. எஃப்10 அழுத்திச் சேமித்து வெளியே வாருங்கள். ரேம் இப்போது 2133, 2400 அல்லது 2666 வேகத்துக்கு இறங்கியிருக்கும். டாஸ்க் மேனேஜரில் ‘பெர்ஃபார்மன்ஸ்’ பகுதியில் மெமரியைச் சொடுக்கினால் தெரியும். சிபியு-இசட்டில் பார்ப்பவர்கள் அங்கே பாதி எண்தான் காட்டும் என்பதை நினைவில் வையுங்கள். 3200 ரேம் அங்கே 1600 என்றுதான் இருக்கும்.

4. வழக்கமான வேலைகளை இரண்டு நாள் செய்து பாருங்கள்.

தொல்லை நின்றுவிட்டால் நான்கு ஸ்டிக்கும் நல்லவை என்று பெரும்பாலும் நம்பலாம். சேர்ந்து ஓடும் வேகம்தான் பிரச்சினை. நேரே ‘பயாஸில் திருத்தும் வரிசை’க்குப் போகலாம். ஆனாலும் நடுவில் இருக்கும் டெஸ்ட் பகுதியைப் படித்துவிட்டுப் போங்கள். இந்தக் குறைந்த வேகத்திலும் தொல்லை தொடர்ந்தால் ஒரு ஸ்டிக் உண்மையிலேயே பழுதாக இருக்கலாம், அல்லது ஸ்லாட்டில் சரியாக உட்காராமல் இருக்கலாம். கேபினெட்டைத் திறக்க வேண்டியதுதான்.

கேபினெட்டைத் திறந்தால்

1. ஷட் டவுன் செய்து, எஸ்எம்பிஎஸ்ஸின் பின்புற சுவிட்சை அணைத்து, கேபிளைப் பிடுங்குங்கள். எர்த் இணைப்புக்காகக் கேபிளை விட்டுவைக்கலாம் என்று சிலர் சொல்வார்கள். நம் வீட்டுப் பிளக்குகளின் மூன்றாம் துளையில் எர்த் இருக்கிறதா என்பதே கேள்வி என்பதால் பிடுங்கிவிடுவதே நல்லது.

2. பவர் பட்டனைச் சில விநாடி அழுத்திப் பிடியுங்கள். உள்ளே மிச்சமிருக்கும் மின்சாரம் வடியும்.

3. கேபினெட்டில் பெயின்ட் இல்லாத உலோகப் பகுதியைத் தொட்டுவிட்டு வேலையைத் தொடங்குங்கள். ஏசி அறையில், நைலான் துணியோடு, பாயில் உட்கார்ந்து இதைச் செய்யாதீர்கள்.

4. ஸ்டிக் ஒவ்வொன்றின் லேபிளையும் போனில் படம் எடுங்கள். வேகம், 16-18-18-38 போன்ற டைமிங் எண்கள், வோல்டேஜ், 1ஆர்×8 (சிங்கிள்) அல்லது 2ஆர்×8 (டூயல்) என்ற ரேங்க் குறிப்பு எல்லாம் பின்னால் தேவைப்படும். பழைய ஜோடிக்கு ‘ப1, ப2’, புதியதற்கு ‘பு1, பு2’ என்று சிறு ஸ்டிக்கர் ஒட்டுங்கள்.

5. தங்க நிறப் பற்களில் அழுக்கு இருந்தால் ஐசோபுரொப்பைல் ஆல்கஹாலைப் பஞ்சில் தொட்டுத் துடையுங்கள். சர்வீஸ் கடைகளில் பென்சில் ரப்பரால் தேய்ப்பார்கள். அதுவும் பலன் தரும்தான், ஆனால் ரப்பர் துகள் ஸ்லாட்டுக்குள் விழுந்தால் புதுத் தலைவலி.

6. திரும்பப் போடும்போது பள்ளம் பொருந்துகிறதா பார்த்து, இரண்டு முனையையும் மாறி மாறி அழுத்துங்கள். ‘டக்’ என்ற சத்தம் வர வேண்டும். பல போர்டுகளில் ஒரு பக்கம் மட்டும்தான் பூட்டு இருக்கும். பூட்டில்லாத முனை அரை மில்லிமீட்டர் தூக்கிக்கொண்டிருப்பது அடிக்கடி நடப்பது. பக்கவாட்டில் டார்ச் அடித்துப் பார்த்தால் பற்களின் ஓரம் கோடாகத் தெரியக் கூடாது.

எந்த ஸ்லாட்டில் எது? பிராசசரிலிருந்து எண்ணினால் ஸ்லாட்டுகள் ஏ1, ஏ2, பி1, பி2 என்று வரும். இரண்டு ஸ்டிக் மட்டும் போடும்போது ஏ2, பி2, அதாவது இரண்டாவதும் நான்காவதும். நான்கும் போடும்போது ஒரு ஜோடியை ஏ2, பி2-விலும் மற்றதை ஏ1, பி1-லும் போடுங்கள். ஒரு ஜோடியை ஒரே சேனலில், அதாவது ஏ1, ஏ2 என்று, போடாதீர்கள். எந்த ஜோடி எந்த இடம் என்பதில் ஒரு சின்ன உத்தி: முதலில் மெதுவான ஜோடியை ஏ2, பி2-வில் வைத்துப் பாருங்கள், பிறகு மாற்றிப் பாருங்கள். சில போர்டுகள் ஒரு ஸ்லாட்டில் இருக்கும் ஸ்டிக்கின் எக்ஸ்எம்பி விவரத்தை எடுத்து நான்குக்கும் பொருத்திவிடும். இடம் மாற்றியதாலேயே தொல்லை தீர்ந்தவர்கள் உண்டு.

டெஸ்ட்: பொறுமையான பகுதி

விண்டோஸிலேயே ஒரு மெமரி டயக்னாஸ்டிக் இருக்கிறது. அது பிழை காட்டினால் நம்புங்கள். பிழை இல்லை என்று சொன்னால் நம்பாதீர்கள். நமக்கு வேண்டியது மெம்டெஸ்ட்86. இதை ஒரு பென்டிரைவில் எழுதி, அதிலிருந்து கணினியை பூட் செய்ய வேண்டும். பென்டிரைவில் இருப்பது அழிந்துவிடும். அந்தப் பென்டிரைவையும் பழைய ஜோடியோடு மட்டும் ஓடும் கணினியிலோ வேறு கணினியிலோ தயார் செய்யுங்கள்.

இலவசப் பதிப்பு 4 சுற்று ஓடி நிற்கும். 32 ஜிபிக்கு இரவு தூங்கப் போகும்போது போட்டுவிட்டுப் போவது வசதி. வரிசை இதோ:

1. பழைய ஜோடி மட்டும், எக்ஸ்எம்பி ஆனில்.
2. புதிய ஜோடி மட்டும், அதே ஸ்லாட்டுகளில், எக்ஸ்எம்பி ஆனில்.
3. இரண்டில் ஒன்று தவறினால் மட்டும், அந்த ஜோடியின் ஸ்டிக்குகளைத் தனித்தனியாக ஏ2-வில்.
4. இரண்டும் தேறினால், நான்கையும் சேர்த்து எக்ஸ்எம்பி ஆனில்.

மதிப்பெண் முறை எளிது: ஒரு பிழை வந்தாலும் தோல்வி. நான்கு சுற்றில் ஒரே ஒரு பிழைதானே என்று சமாதானம் செய்துகொள்ள இடமே இல்லை.

பிழைகளைப் படிக்கவும் தெரிந்திருக்க வேண்டும். ஒரு ஸ்டிக் தனியாக இருக்கும்போதே, எக்ஸ்எம்பி இல்லாமலே, ஒவ்வொரு சுற்றிலும் அதே முகவரியில் பிழை வந்தால் அந்த ஸ்டிக் செத்தது. செட்டிங் எதுவும் அதைக் காப்பாற்றாது. பில்லோடு வாரன்டிக்கு அனுப்புங்கள். கிட்டாக வாங்கியதைக் கிட்டாகவே, இரண்டையும் சேர்த்துத்தான் திருப்பிக் கேட்பார்கள். தனியாகத் தேறி, நான்காகச் சேரும்போது மட்டும் பிழைகள் இங்கொன்றும் அங்கொன்றுமாக விழுந்தால், அதுதான் இந்த அத்தியாயத்தின் விஷயம்.

மெம்டெஸ்ட்86 தேறிய பின்னும் விண்டோஸுக்குள் டெஸ்ட்மெம்5, ஓசிசிடி இவற்றில் ஒன்றையாவது ஒரு மணி நேரத்துக்கு மேல் ஓட்டுங்கள். மெம்டெஸ்ட் ஓடும்போது கிராபிக்ஸ் கார்டு சும்மா இருக்கிறது, கேபினெட் குளிர்ந்திருக்கிறது. விளையாடும்போது அந்தக் கார்டு கக்கும் வெப்பம் நெருக்கமாக நிற்கும் நான்கு ஸ்டிக்கின் மேல்தான் ஏறும். டிடிஆர்4 சிப்புகளில் சில 50 டிகிரி செல்சியஸைத் தாண்டினால் இறுக்கமான டைமிங்கில் பிழை விடத் தொடங்கும். டிசம்பரில் தேறிய செட்டிங் மே மாதம் மதியம் மூன்று மணிக்குத் தேறுமா என்பது தனிக் கேள்வி. ஆகவே கடைசிச் சோதனையைப் பகல் வெயிலில், ஏசி போடாமல் செய்யுங்கள்.

பயாஸில் திருத்தும் வரிசை

இணையத்தில் எல்லாரும் முதலில் சொல்வது வோல்டேஜை ஏற்றுங்கள் என்பது. நான் அதைக் கடைசிக்கு முந்தி வைக்கிறேன். வேகத்தை ஒரு படி இறக்குவதில் எதுவும் சூடாகாது, எதுவும் கெடாது. 3200-க்கும் 2933-க்கும் உள்ள வித்தியாசம் அளவெடுக்கும் மென்பொருளுக்குத் தெரியும், உங்கள் எக்செல்லுக்கோ வீடியோ எடிட்டிங்குக்கோ அநேகமாகத் தெரியாது.

ஒரு நேரத்தில் ஒரு மாற்றம் மட்டும். ஒவ்வொன்றுக்கும் பிறகு டெஸ்ட். மாற்றியதை நோட்டில் எழுதுங்கள்.

1. பயாஸ் அப்டேட். ரேம் ஒத்துப்போவதில் நிறைய திருத்தங்கள் புதிய பயாஸில்தான் வருகின்றன. ஒரே ஒரு ஜோடியோடு, எக்ஸ்எம்பி அணைத்து, யுபிஎஸ் இணைப்பில் மட்டும் செய்யுங்கள். தடுமாறும் நான்கு ஸ்டிக்கோடு பயாஸ் எழுதுவதும், கரன்ட் போகும் நேரத்தில் எழுதுவதும் ஒரே அளவு ஆபத்து.

2. எக்ஸ்எம்பி ஆன், வேகம் மட்டும் 2933. டைமிங் எண்களைத் தொட வேண்டாம். அதே சிஎல்16, 3200 வேகத்தில் 10 நானோசெகண்ட், 2933 வேகத்தில் 10.9 நானோசெகண்ட். ஒன்றும் செய்யாமலே ஸ்டிக்குகளுக்கு 9 சதவீதம் அவகாசம் கிடைத்துவிட்டது. என் கணிப்பில் பெரும்பாலான கலப்படங்கள் இந்தப் படியிலேயே அடங்கிவிடும். இன்ஃபினிட்டி ஃபேப்ரிக் கடிகாரத்தை ‘ஆட்டோ’விலேயே விடுங்கள்.

3. டைமிங்கை மெதுவான ஜோடிக்குப் பொருத்துங்கள். ஒரு லேபிளில் 16-18-18-38, இன்னொன்றில் 16-20-20-40 என்றால், ஒவ்வொரு இடத்திலும் பெரிய எண்ணை எடுங்கள்: 16-20-20-40. பயாஸில் இவை சிஎல், டிஆர்சிடி, டிஆர்பி, டிஆர்ஏஎஸ் என்ற வரிசையில் இருக்கும். போதாவிட்டால் 18-22-22-42. புதிய ஸ்டிக்கில் எக்ஸ்எம்பியே இல்லை, 1.2 வோல்ட்டில் 3200 ஓடும் சாதாரண வகை என்றால், அதன் இயல்பான டைமிங் 22-22-22-52. அந்த ஜோடியிடம் 16 கேட்பது நியாயமில்லை.

4. டிஆர்எஃப்சி. முன்னால் சொன்ன கணக்கு இங்கே. இப்போது ஓடும் மதிப்பை சிபியு-இசட்டின் ‘மெமரி’ பகுதியிலோ ஜென்டைமிங்ஸிலோ பாருங்கள். ஒரு ஜோடி 16 ஜிகாபிட் சிப் என்று தெரிந்தால் 2933 வேகத்தில் 810, 3200 வேகத்தில் 880 என்று வையுங்கள். ஸ்டிக்கின் ஒரு பக்கத்தில் நான்கே சிப் உள்ள 8 ஜிபி என்றால், அதாவது லேபிளில் 1ஆர்×16 என்றிருந்தால், அது 16 ஜிகாபிட்தான்.

5. கமாண்ட் ரேட் 2டி. ரைசனில் ‘கியர் டவுன் மோட்’ ஆனில் இருக்கட்டும். அதோடு பிழை வந்தால் அதை அணைத்து 2டி வைத்துப் பாருங்கள்.

6. ரேம் வோல்டேஜ். எக்ஸ்எம்பி தந்த 1.35-லிருந்து 1.37, பிறகு 1.40. அதோடு நிறுத்துங்கள். இந்த வேலைக்கு அதற்கு மேல் தேவைப்பட்டால், தேவை வோல்டேஜ் அல்ல, இன்னும் ஒரு படி குறைந்த வேகம். ஏற்றிய பிறகு வெப்பச் சோதனையைத் திரும்பச் செய்ய வேண்டும் என்பதை மறக்காதீர்கள்.

7. எஸ்ஓசி வோல்டேஜ். கன்ட்ரோலருக்குப் போகும் மின்சாரம் இது. ரைசன் 3000, 5000-இல் 1.10 வோல்ட் போதும். பல போர்டுகள் எக்ஸ்எம்பி போட்டதுமே தானாக அங்கே கொண்டுபோய்விடும். முதலில் இப்போது என்ன இருக்கிறது என்று பாருங்கள்.

குறிப்பு: இந்த எண்களை முழுக்க டிடிஆர்4-க்குத்தான் எழுதியிருக்கிறேன். டிடிஆர்5-இன் இயல்பு வோல்டேஜே 1.1, டிடிஆர்3-க்கு 1.5. வேறு தலைமுறைக்கு இதை அப்படியே போடாதீர்கள்.

திரை வராமல் போனால்

புதிய டைமிங் வைத்துச் சேமித்ததும் திரை கறுப்பாகவே இருந்தால் பதற வேண்டாம். பல போர்டுகள் சில முறை தானே ஆன்-ஆஃப் ஆகி, முயன்று பார்த்து, பழைய நிலைக்குத் திரும்பிவிடும். ஐந்து நிமிடம் விடுங்கள். திரும்பாவிட்டால் கேபிளைப் பிடுங்கி, மதர்போர்டில் சிஎம்ஓஎஸ் கிளியர் என்று குறித்திருக்கும் இரண்டு பின்களை ஸ்க்ரூ டிரைவர் முனையால் பத்து விநாடி தொட்டு இணையுங்கள். எந்தப் பின்கள் என்பதைப் போர்டின் கையேட்டில் பார்த்துவிட்டுத் தொடுங்கள், ஊகத்தில் வேண்டாம். பின் கைக்கு எட்டவில்லை என்றால் சிஆர்2032 பட்டன் பேட்டரியைச் சில நிமிடம் கழற்றி மாட்டினாலும் போதும்.

32 ஜிபி போட்டும் விண்டோஸ் ‘16 ஜிபி யூசபிள்’ என்று காட்டுவது வேறு கதை. அது டைமிங் அல்ல. ஒரு ஸ்டிக் சரியாக உட்காரவில்லை, அல்லது பிராசசரின் ஒரு பின் வளைந்திருக்கிறது.

8-ம் 16-ம் கலந்தவர்கள்

அளவு மாறினாலும் ஓடும். 8+16 என்றால் 16 ஜிபிவரை இரட்டைச் சேனலிலும் மிச்சம் 8 ஜிபி ஒற்றைச் சேனலிலும் ஓடும். வேகம் கொஞ்சம் ஏற்ற இறக்கமாக இருக்கும், அவ்வளவே. ஜோடி ஜோடியாக இருந்தால், அதாவது 8+8, 16+16 என்றால், சேனல் ஒவ்வொன்றிலும் ஒரு 8-ம் ஒரு 16-ம் வரும்படி போடுங்கள். டிஆர்எஃப்சியும் ரேங்கும் வேறுபட வாய்ப்பு இதில்தான் அதிகம் என்பதால் மேலே உள்ள 4-ஆம் படியை முன்னதாகவே செய்துவிடலாம்.

டிடிஆர்5 வைத்திருந்தால்

நேராகச் சொல்கிறேன்: கலக்காதீர்கள். ரைசன் 7000 வரிசைக்கு ஏஎம்டியின் கணக்கு, இரண்டு ஸ்டிக் என்றால் 5200, நான்கு என்றால் 3600. 6000 வேக எக்ஸ்போ (ஏஎம்டியின் எக்ஸ்எம்பி) கிட் இரண்டை வாங்கி நான்கு ஸ்லாட்டிலும் போட்டுவிட்டு 6000 கேட்பவர்கள், அந்த இடைவெளி முழுவதையும் அதிர்ஷ்டத்தால் தாண்டப் பார்க்கிறார்கள்.

ஏற்கெனவே போட்டுவிட்டீர்கள் என்றால் எக்ஸ்போவை அணைத்து, 3600-இல் தேறுகிறதா என்று பார்த்து, அங்கிருந்து ஒவ்வொரு படியாக ஏறுங்கள். நான்கு ஸ்டிக்கோடு முதல் முறை ஆன் செய்யும்போது மெமரி டிரெயினிங் பல நிமிடம் எடுக்கும், திரையில் எதுவும் வராது. செத்துவிட்டது என்று நினைத்து நடுவில் அணைத்தால் அது மறுபடி முதலிலிருந்து தொடங்கும். எஸ்ஓசி வோல்டேஜை இங்கே கையால் ஏற்ற வேண்டாம். 2023-இல் ஏஎம்5 பிராசசர்கள் சில எரிந்துபோன பிறகு ஏஎம்டி இதற்கு 1.3 வோல்ட் என்று எல்லை போட்டது. பழைய பயாஸ் வைத்திருப்பவர்கள் முதல் வேலையாக அப்டேட் செய்யுங்கள்.

டிடிஆர்5 சிப்புக்குள்ளேயே பிழை திருத்தம் இருக்கிறதே என்று கேட்கலாம். அது சிப்புக்குள் நடக்கும் பிழைக்கு மட்டும். சிப்புக்கும் பிராசசருக்கும் நடுவே கம்பியில் நடக்கும் பிழையை அது பார்ப்பதில்லை, கலப்படத்தில் பிழை அங்கேயும்தான் நடக்கிறது.

தேறிய பிறகு

1. பயாஸில் இந்தச் செட்டிங்கை ஒரு புரொஃபைலாகச் சேமியுங்கள், ஒவ்வொரு திரையையும் போனில் படம் எடுங்கள். பயாஸ் அப்டேட் புரொஃபைலை அழித்துவிடும், படத்தை அழிக்காது.

2. தடுமாறிய நாட்களில் விண்டோஸ் கோப்புகள் கெட்டிருக்கலாம். கமாண்ட் பிராம்ப்டை அட்மினிஸ்ட்ரேட்டராகத் திறந்து, எஸ்எஃப்சி, ஓர் இடைவெளி, சாய்கோடு, ஒட்டி ஸ்கேன்நவ் என்று தட்டி ஓடவிடுங்கள். ரேமைச் சரிசெய்வதற்கு முன் இதைச் செய்தால் பலனில்லை.

3. அந்த நாட்களில் நகலெடுத்த, ஜிப் செய்த, எடிட் செய்து எக்ஸ்போர்ட் செய்த கோப்புகளைத் திறந்து பாருங்கள். கல்யாண வீடியோவின் மூலக் கோப்பை அழித்துவிட்டு நகலை நம்பியிருப்பவர்கள் இதை இன்றைக்கே செய்ய வேண்டும்.

4. ஃபாஸ்ட் ஸ்டார்ட்அப் வேண்டுமானால் இப்போது திரும்ப ஆன் செய்யலாம். இல்லாமலும் ஒன்றும் குறைந்துவிடாது.

பிறகு ஒரு மாதம் கழித்துத் திடீரென்று ரேமின் வேகம் தானாக இறங்கியிருந்தால், முதலில் கணினியின் கடிகாரத்தைப் பாருங்கள். தேதி பின்னால் போயிருந்தால் பட்டன் பேட்டரி தீர்ந்து, நீங்கள் வைத்த எண்கள் எல்லாம் போயிருக்கும். பேட்டரியை மாற்றி, போனில் இருக்கும் படத்தைப் பார்த்துத் திரும்பப் போட வேண்டியதுதான்.

எப்போது கைவிடுவது?

2666-க்குக் கீழே இறக்கினால்தான் நான்கும் சேர்ந்து ஓடுகிறது என்றால், அல்லது கணினி உங்கள் பிழைப்புக்கான கருவி என்றால், மேற்கொண்டு மல்லுக்கட்ட வேண்டாம். புதிய கிட் திருப்பும் கெடுவுக்குள் இருந்தால் திருப்பிவிட்டு, 16 ஜிபி ஸ்டிக் இரண்டு கொண்ட ஒரே கிட்டாக 32 ஜிபி வாங்குங்கள். நான்கு ஸ்லாட்டை நிரப்புவதைவிட இரண்டில் முடிப்பது கன்ட்ரோலருக்கும் இலகு, பின்னால் வெப்பமும் குறைவு. கெடு தாண்டிவிட்டால் சென்னை ரிச்சி தெருவிலோ இணையச் சந்தையிலோ விற்கலாம். ஜோடியைப் பிரித்து விற்காதீர்கள். அந்த ஜோடி தனியாக மெம்டெஸ்ட்86-இல் நான்கு சுற்றும் தேறிய திரையின் படத்தை வாங்குபவருக்குக் காட்டினால் பேரம் சீக்கிரம் முடியும்.